அரிவாள்மணை முன் ஓர் ஆண்பிள்ளை

சகோதரிகளே, நான் ஒரு பொய் சொன்ன கதையை உங்களிடம் சொல்லப் போகிறேன். எங்கே வைத்துச் சொன்னேன் தெரியுமா? கோவில் வாசலில்! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஒரு கையில் வேதப்புத்தகமும் மறு கையில் கைத்தடியுமாக வெளியே வந்தவள், வாய் கூசாமல் சொன்னேன்.

"உங்க மகன் இப்போ எங்கே வேலையாயிருக்காரு?" என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காரியதரிசி அம்மாள் கேட்டார்.

"வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான்" என்றேன்.

அந்த நிமிஷத்தில் என் மகன் எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிவாள்மணை முன் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாயில் எட்டு மாதத்துப் பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை!

"ஏன் அம்மா அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் பூவிருந்தவல்லியைத் தாண்டி வந்தால், சென்னைக்குச் சுமார் 40 கிலோ மீட்டரில் ஸ்ரீபெரும்புதூர் வரும். 1017ஆம் ஆண்டில் இராமாநுஜர் அவதரித்த தலம். 1991 மே 21ஆம் தேதி இரவு ராஜீவ் காந்தி உயிர் நீத்ததும் இங்கேதான். இப்போது மூன்றாவதாக ஒரு பெயரும் ஏற்பட்டிருக்கிறது. பாக்டரி ஊர்! 1996இல் ஹூண்டாய்க் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் வேலையை ஆரம்பித்து, 1998இல் கார்களை வெளியே அனுப்பத் தொடங்கியது. 2006இல் நோக்கியா செல்போன் பாக்டரி வந்தது; ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்தது; 2014இல் மூடிக்கொண்டு போயும் விட்டது. தெற்கே சிங்கப்பெருமாள் கோயில் ரோட்டில் போனால் ஒரகடம். 2010இல் ரெனோ நிஸ்ஸான் கார், 2012இல் டைம்லர் லாரி, 2013இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன.

நான் 1983இல் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபோது காலையில் கண் விழித்தால் ஏர் மாடுகளின் மணிச் சத்தம் கேட்கும். இப்போது கம்பெனி பஸ்களின் ஹாரன்தான் எங்களுக்குச் சேவல். விடியற்காலை ஐந்தரைக்குச் சாலையோரம் போய் நின்று பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, தலையில் நேற்று வைத்த பூ, இப்படி நூற்றுக்கணக்கான பெண்கள் பஸ்ஸுக்காக நிற்பார்கள். எதிர்ப்புறத்தில் ராத்திரி ஷிப்டு முடிந்து, கண் சிவந்து இன்னொரு கூட்டம் இறங்கும்.

நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2019-20ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்குப்படி, இந்தியா முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100க்கு ஏறக்குறைய 43 பேர் நம் தமிழ்நாட்டில்தான் இருந்தார்கள். 2024 ஆகஸ்டில், எங்கள் பக்கத்து வல்லம் வடகாலில், 18,720 பெண்கள் தங்கும்படி 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒரு விடுதி திறந்தார்கள். பதினெட்டாயிரம் பெண்கள்! ஒரு தாலுகாத் தலைநகரத்தின் ஜனத்தொகை ஒரே வளாகத்துக்குள்!

பெண்கள் ராத்திரியில் பாக்டரியில் வேலை செய்யக்கூடாது என்றுதான் 1948ஆம் வருஷத்துப் பாக்டரிச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பைக் கோர்ட்டார் ஒரு நாளில் எழுதிவிட்டார்கள். ராத்திரி வேலைக்குப் போகிறவள் வீட்டில் குழந்தைக்கு யார் பால் காய்ச்சிக் கொடுப்பது என்ற தீர்ப்பை மட்டும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுத் தீர்ப்புக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் 30 வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். குடியில்லை, சீட்டில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் என் கையில் கொடுப்பார். ஆனால் சாப்பிட்ட தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டதாக நான்கு பத்து வருஷத்தில் எனக்கு ஞாபகம் இல்லை. நானும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. "ஆம்பிளை கை தட்டை எடுத்தால் அன்றைக்கு அடுப்புக்கு ஆகாது" என்று என் மாமியார் சொல்லுவார். அந்த வேதவாக்கியம் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று நான் கேட்டதும் இல்லை!

எங்கள் ஒரே மகன் பாலிடெக்னிக் படித்து, ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒன்பது வருஷம் காண்டிராக்டில் இருந்தான். மருமகள், காருக்குள் ஓடும் வயர்க்கட்டுகளைச் செய்கிற இன்னொரு கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் நிரந்தரம். குழந்தை பிறந்தது. 2017இல் திருத்திய சட்டத்தின் புண்ணியத்தால் அவளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. அந்தச் சட்டத்தில் தகப்பனுக்கென்று ஒரு நாள்கூட இல்லை. ஆனால் எங்கள் மகனுக்கு லீவு வேறு வழியாக வந்தது. அவள் திரும்ப வேலைக்குப் போக வேண்டிய மாதத்திலேயே, "இனி வர வேண்டாம்" என்று அவனை அனுப்பிவிட்டார்கள்.

"பாட்டி நீங்கள் எதற்கு இருக்கிறீர்கள்?" என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். நியாயம்தான். ஆனால் என் முழங்கால்கள் இரண்டும் மூன்று வருஷமாக வேலை நிறுத்தம் செய்துகொண்டிருக்கின்றன. எந்தப் பேச்சுவார்த்தைக்கும் அவை இணங்கவில்லை! தவழுகிற குழந்தையைத் துரத்திப் பிடிக்க என்னால் முடியாது. அவருக்கோ கண்ணில் புரை.

ஆகவே மருமகள் வேலைக்குப் போனாள். மகன் வீட்டில் இருந்தான். முதல் வாரம் சாம்பாரில் உப்பில்லை. இரண்டாவது வாரம் உப்புத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்றாவது வாரம் முதல், உண்மையைச் சொன்னால், என் கையைவிட அவன் கை ருசியாகவே இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டினான், சாம்பிராணி போட்டான், கஞ்சி ஊட்டினான். ராத்திரி ஷிப்டு முடிந்து அவள் வரும்போது வெந்நீர் போட்டு வைத்தான்.

எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. சிங்கம் போல வளர்த்த பிள்ளை, மாடியில் குழந்தைத் துணி உலர்த்துகிறானே! எதிர் வீட்டு ஜன்னல் திறந்தால் நான் போய் அவன் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொள்வேன்.

எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சமயம் பார்த்து ஒரு பிரசங்க வீடியோ வந்தது. மனைவி சம்பாதிக்கப் போன வீட்டுக்குத் தலை இருக்காது, ஆண் ஆணாக இல்லாததால்தான் இக்காலத்துக் குடும்பங்கள் கெட்டுப்போகின்றன, நாகரிகம் வந்து வேதத்தை மாற்றுகிறது என்கிற தோரணையில் ஒருவர் மேஜையைக் குத்திக் குத்திப் பேசியிருந்தார். என் மைத்துனர் அதற்குக் கீழே மூன்று கும்பிடு போட்டிருந்தார். அது எங்களைப் பார்த்துப் போட்ட கும்பிடு என்று புரியாமலா இருக்கும்?

இந்த நிலையில்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

* * *

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். ஆனால் எங்கள் சங்கக் காரியதரிசிக்கு இரண்டு கால்களும் நன்றாக இருந்தன. அடுத்த வியாழக்கிழமை நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். என் மகன் தோளில் துண்டும், இடுப்பில் குழந்தையும், கையில் கரண்டியுமாகக் கதவைத் திறந்தான்.

"தம்பி, உங்க கம்ப்யூட்டர் கம்பெனியிலே என் தங்கச்சி மகனுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. அம்மா எல்லாம் சொன்னாங்க!"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு பார்வைதான். அப்புறம், "சொல்றேங்க ஆன்ட்டி, உட்காருங்க, காப்பி கொண்டு வர்றேன்" என்றான். காப்பியை அவனே போட்டுக் கொண்டு வந்து வைத்தான். அந்த அம்மாள் கரண்டியையும் பார்த்தார், அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். காப்பி பாதி டம்ளரிலேயே நின்றுவிட்டது.

அன்று இரவு எட்டு மணிக்கு, "இதோ வர்றேன்" என்று சொல்லிப் போனவன் திரும்பவில்லை. போனையும் அணைத்துவிட்டான். ஒன்பதரைக்கு மருமகளுக்குக் கம்பெனி பஸ். குழந்தைக்குச் சாயங்காலத்திலிருந்தே உடம்பு கதகதவென்றிருந்தது. ஒன்பது மணிக்கு அனலாகக் கொதித்தது. மருமகள் யூனிபாரத்தோடு நின்றவள் பஸ்ஸை விட்டாள். பதினொரு மணிக்குக் குழந்தை கண் செருகத் தொடங்கியது. எனக்கு நடக்கக் கால் இல்லை. அவருக்கு ராத்திரியில் கண் இல்லை. அந்தப் பெண் தன்னந்தனியாகக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, லாரிகள் பறக்கிற பெங்களூர்ச் சாலையில் நின்று ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நான் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மூலையில் அரிவாள்மணை சுத்தமாகக் கழுவிச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அவன்தான் கழுவி வைத்திருந்தான். ஜெபம் பண்ண வாயெடுத்தேன். சகோதரிகளே, வார்த்தையே வரவில்லை. கோவில் வாசலில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் முள்ளாக நின்றது.

கர்த்தர் கிருபையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. விடியற்காலை ஜுரம் இறங்கி, அம்மாவும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஏழு மணிக்கு மகன் வந்தான். சட்டையெல்லாம் தூசி. முதுகை நிமிர்த்த முடியவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் ஆள் எடுக்கிற மேஸ்திரியிடம் சொல்லி, ராத்திரி முழுக்க ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றியிருக்கிறான். 600 ரூபாயை என் மடியில் வைத்தான். குழந்தையின் கையில் ஊசி போட்ட பிளாஸ்திரியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்றேன்.

"அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கிறதிலே எனக்கு வெட்கமே இல்லேம்மா. உனக்கு வெட்கமாயிருக்குதேன்னுதான் எனக்கு வெட்கமாப் போச்சு" என்றான்.

வெளியூர் ஜனங்கள் பேசியதும், வீடியோப் பிரசங்கியார் மேஜையைக் குத்தியதும் அவனை ஒன்றும் செய்யவில்லை. பெற்றவள் சொன்ன ஒரு பொய் அவனை நடுராத்திரியில் வீட்டை விட்டுத் துரத்திவிட்டது.

* * *

எங்கள் வீட்டில் காலையில் குடும்ப ஜெபம் உண்டு. மருமகள் ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற நாட்களில் ஏழரைக்கு. அவர் பெரிய எழுத்து வேதப்புத்தகத்தில் வரிசைக்கிரமமாக ஓர் அதிகாரம் வாசிப்பார். அந்தச் சம்பவம் நடந்து ஐந்தாறு நாள் இருக்கும். மருமகள் அப்போதுதான் பஸ் இறங்கி வந்திருந்தாள். மகன் இட்லியும் தக்காளிச் சட்டினியும் மூடி வைத்திருந்தான். அன்றைக்கு முறை யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரமாக அமைந்தது.

உங்களில் பலருக்கு அது தெரிந்திருக்காது. சொல்கிறேன். இயேசு உயிர்த்தெழுந்த பிறகு நடப்பது. சீஷர்கள் ஏழு பேர் ராத்திரி முழுக்க ஏரியில் வலை போட்டு, ஒரு மீனும் கிடைக்காமல் களைத்துப் போயிருக்கிறார்கள். விடியும் நேரத்தில் கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொற்படி வலையைப் போட, 153 பெரிய மீன்கள் விழுகின்றன. அவர்கள் கரைக்கு வந்து பார்த்தால், அங்கே கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அப்பத்தோடு அவர் தயாராக வைத்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டுத் தம் கையாலேயே பரிமாறுகிறார்.

என் வீட்டுக்காரர் அந்த இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்தவங்களுக்கு யாரு சமைச்சு வச்சிருக்காங்க, பார்த்தியா?" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் அவர் எழுந்தார். தட்டைக் கையில் எடுத்தார். தொட்டி எந்தப் பக்கம் என்று ஒரு வினாடி யோசித்ததுபோல நின்றார். பிறகு போய்க் கழுவி வைத்தார். அன்றைக்கு அடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வேளையும் நன்றாகவே எரிந்தது!

* * *

அதற்கப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் சபைப் போதகரிடமே போனேன். எங்கள் புராட்டஸ்டண்டு வழக்கத்தில் போதகரை 'ஐயர்' என்றுதான் சொல்லுவோம். "ஐயரே, புருஷன் தலை என்று பவுல் அப்போஸ்தலர் எழுதியிருக்கிறாரே, அதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே, எபேசியருக்கு எழுதின நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து என் கையில் கொடுத்து, "எண்ணிப் பாருங்கம்மா" என்றார். எண்ணினேன். மனைவிமாருக்குச் சொன்னது 22 முதல் 24 வரை மூன்றே வசனங்கள். அதற்குமேல் அதிகாரம் முடிகிற 33 வரை பெரும்பாலும் புருஷர்களுக்குத்தான். கிறிஸ்து சபைக்காக உயிரையே விட்டதுபோல மனைவியிடத்தில் அன்பாயிரு, உன் சொந்த சரீரத்தைப் பேணுவதுபோல அவளைப் பேணு என்ற கருத்து. இவற்றுக்கெல்லாம் முன்னால், 21ஆம் வசனத்தில், ஒருவருக்கொருவர் அடங்கி நடக்க வேண்டுமென்று எல்லாருக்கும் பொதுவாகவே சொல்லியிருக்கிறது. கல்யாணங்களில் நாம் கேட்கிறது அந்த மூன்று வசனங்களின் விளக்கம்தான். மிச்சத்தைப் பந்திக்கு நேரமாகிவிட்டதென்று விட்டுவிடுகிறோம்!

"தலை என்னம்மா பண்ணுது? காலிலே முள் தைச்சா தலைக்குத் தூக்கம் வராது. எனக்குத் தெரிஞ்ச தலைமை அவ்வளவுதான்" என்றார் ஐயர்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கத்தோலிக்கச் சகோதரிகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மரியாளின் புருஷன் சூசையப்பர், புராட்டஸ்டண்டுகள் யோசேப்பு என்போம், ஒரு தச்சர். நான்கு சுவிசேஷங்களிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. கனவில் கட்டளை வந்ததும் எழுந்து, ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். 1955இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் தேதியை அவருக்கென்று, தொழிலாளரான சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். மேஜையைக் குத்தாத ஆண்பிள்ளை! குழந்தைக்கு ஆபத்து என்றவுடன் எழுந்த ஆண்பிள்ளை!

நம் தமிழ்நாட்டிலேயே பாருங்கள். முதல் தமிழ் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர்; முனிசீபாக உத்தியோகம் பார்த்தவர். பெண்கள் படிக்க வேண்டும் என்பதற்காக 'பெண்மதி மாலை' எழுதி 1869இல் அச்சிட்டார். அவருடைய நாவலில் கதாநாயகனைவிட அவன் மனைவி ஞானாம்பாள் கெட்டிக்காரி. ஆண் வேஷத்தில் ஒரு நாட்டையே ஆண்டு காட்டுகிறாள். அதனால் பிரதாப முதலிக்கு ஆண்மை குறைந்துபோனதாக ஆசிரியர் எங்கேயும் வருத்தப்படவில்லை!

அதே 1869இல்தான் வெள்ளைக்காரர் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்துச் சட்டம் போட்டார்கள். மனைவி தவறினாள் என்றால் புருஷனுக்கு அது ஒன்றே போதும். புருஷன் தவறினால் மனைவிக்கு அது மட்டும் போதாது. கொடுமை செய்தான், கைவிட்டான் என்று இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001இல்தான் அதைத் திருத்தினார்கள். பழைய காலத்துக் குடும்ப ஒழுங்கு எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்கிறவர்கள் இந்த 132 வருஷத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் சாலையிலேயே மேற்கே போனால் வேலூர் வரும். அங்கே பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டின ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை என் பாட்டி சொல்லுவார். அவர் திண்டிவனத்தில் இளம்பெண்ணாக இருந்தபோது, ஒரே இரவில் மூன்று புருஷர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிகளும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தகப்பனார் டாக்டர். உடனே வருகிறேன் என்றார். அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பிப் போனார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போனார்கள். அந்த மூன்று புருஷர்களும் கெட்டவர்கள் அல்ல. மனைவி பிழைக்க வேண்டுமென்று ராத்திரியில் ஓடி வந்தவர்கள்தான். ஆனால் கௌரவம் அவர்கள் காலைக் கட்டிவிட்டது. அந்த இரவுதான் ஐடாவை டாக்டராக்கியது. 1918இல் வேலூரில் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளி தொடங்கினார்.

என் கௌரவமும் அன்றிரவு என் பேத்தியை அந்த இடத்துக்குத்தானே கொண்டுபோய் நிறுத்தியது?

இதற்காக, இன்றைய நாகரிகம் எல்லாம் வாழ்க என்று நான் கோஷம் போட வரவில்லை. பாக்டரி நாகரிகத்துக்கும் குடும்பத்தின்மீது பெரிய பட்சம் இல்லை. எங்கள் பக்கத்துப் பெரிய செல்போன் தொழிற்சாலை ஒன்றில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய அரசாங்கம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. தாலியோ மோதிரமோ போட்டவள் வேண்டாம், பிள்ளை பெறுகிறவள் வேண்டாம் என்று ஒரு பக்கம்; வேலைக்குப் போகிறவள் வீட்டுக்கு ஆகாது என்று மற்றொரு பக்கம். நடுவில் நிற்கிற பெண் எங்கே போவாள்? குடும்பமே ஒரு விலங்கு, அறுத்துப் போடு என்று உபதேசம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. அந்தக் குடும்பம் இருந்ததால்தானே அன்றைக்கு என் மருமகளுக்கு வெந்நீரும் இட்லியும் காத்திருந்தன?

2019இல் மத்திய அரசாங்கம் ஒரு நாளை யார் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்கள் பெண்களில் 100க்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்கிற பெண் ஒரு நாளில் 299 நிமிஷம் செய்கிறாள். ஆண் 97 நிமிஷம். அந்த 26 பேரில் எத்தனை பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்கிறார்களோ!

* * *

அடுத்த மாதப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் சாட்சி சொல்கிற நேரம் வந்தது. கைத்தடியை ஊன்றி எழுந்தேன். "நான் ஒரு பொய் சொன்னேன். என் மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை இல்லை. அவன் வீட்டில் சமைக்கிறான், பிள்ளை வளர்க்கிறான். அதைச் சொல்ல வெட்கப்பட்டதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். அதற்குமேல் பேச முடியவில்லை.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் நிசப்தம். கூட்டம் கலையும்போது காரியதரிசி அம்மாள் என் பக்கத்தில் வந்து, காதோடு காதாக, "எங்க வீட்டுக்காரர் பத்து வருஷமா என் புடவையைத் துவைச்சுப் போடறாரு. கதவைச் சாத்திக்கிட்டுத்தான்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பாதி டம்ளர் காப்பிக்கு எனக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் விளங்கியது.

எட்டு மாதம் கழித்து மகனுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. இப்போது அவனுக்குப் பகல் ஷிப்டு வந்தால் அவளுக்கு ராத்திரி. குழந்தை கை மாறுகிற வாசற்படியில்தான் இருவரும் சந்திக்கிறார்கள். இடைப்பட்ட நேரத்துக்குப் பொறுப்பு யார் என்று நினைக்கிறீர்கள்? புரைக்குக் கண்ணில் அறுவை செய்துகொண்டு தெளிவாகப் பார்க்கிற டர்னர் தாத்தாதான்! பால் காய்ச்சுகிறார், பொங்கவிடுகிறார், அடுப்பைத் துடைக்கிறார், மறுபடி காய்ச்சுகிறார். அரிவாள்மணையில் உட்கார்ந்தால், கடைசல் இயந்திரத்தில் இரும்பு சீவின கை அல்லவா, வெண்டைக்காய் ஒரே அளவில் விழுகிறது. அளவு சரிதானா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

சகோதரிகளே, நீங்கள் எந்த மதமானாலும் சரி, உங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் மகனோ மருமகனோ குழந்தைத் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது எதிர் வீட்டு ஜன்னல் திறந்தால், ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள். இருக்கட்டும், பார்க்கட்டும். எதிர் வீட்டிலும் ஒரு பிள்ளை வளர்கிறான்.